ஃபிராங்கோனியா முகட்டுச் சுற்று: கூட்டமாகப் போனால் எந்த வழி நல்லது?

செப்டம்பர் பிறந்ததும் எங்கள் வட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். இந்த வருஷம் ஃபிராங்கோனியா ரிட்ஜ் போகலாமா? பாஸ்டன் பக்கமும் நாஷுவா பக்கமும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகள் கூப்பிடு தூரம்தான். விடியற்காலையில் ஐ-93 நெடுஞ்சாலையைப் பிடித்தால் இரண்டு, இரண்டேகால் மணி நேரத்தில் மலையடிவாரம். அக்டோபர் முதல் வாரத்தில் மேப்பிள் இலைகள் சிவந்து நிற்கும்போது, மரங்களுக்கு மேலே எழுந்து நிற்கும் அந்த மொட்டை முகட்டில் நடக்க யாருக்குத்தான் ஆசை வராது? ஒருவர் சரி என்றதும் பத்துப் பேர் சரி என்பார்கள். எந்தப் பக்கமாக ஏறுவது, எல்லாரும் முழுச் சுற்றும் போக வேண்டுமா, முடியாதவர்கள் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள். பார்க்கிங்கில் வந்து நின்றபிறகு பேசலாம் என்று விட்டுவிடுவோம்.

அப்படி விட்டு ஒரு முறை கஷ்டப்பட்டிருக்கிறேன். அதனால்தான் எனக்குத் தெரிந்த வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதுகிறேன். தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. எட்டு, பத்து, பன்னிரண்டு பேர் சேர்ந்து, வயதிலும் பழக்கத்திலும் ஏற்றத்தாழ்வோடு போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் மலையைப் பார்த்துவிடுவோம். லஃபாயெட் பிளேஸ் பார்க்கிங்கில் தொடங்கி அங்கேயே முடியும் சுற்று இது. மொத்தம் 8.9 மைல், கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, ஏற்றம்தான் பெரிது: 3,900 அடி. பத்தடிக்கு ஒரு மாடி என்று வைத்தால் 390 மாடி. கிளம்பிக் கால் மைல்கூட ஆகாமல் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் திரும்பிப் பாலத்தைக் கடந்தால் ஃபாலிங் வாட்டர்ஸ் டிரெயில், அருவிகள் இருக்கும் வழி. திரும்பாமல் போனால் ஓல்ட் பிரைடில் பாத், ஒரு காலத்தில் குதிரைகள் போன வழி. அருவி வழி 3.2 மைலில் லிட்டில் ஹேஸ்டாக் என்ற சிகரத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து வடக்கே 1.7 மைலுக்கு மரமே இல்லாத முகடு. நடுவில் லிங்கன் சிகரம், சுமார் 5,090 அடி. கடைசியில் லஃபாயெட், சுமார் 5,250 அடி. பிறகு 1.1 மைல் இறங்கினால் அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் நடத்தும் கிரீன்லீஃப் ஹட். அந்த மலைக்குடிலிலிருந்து குதிரை வழியில் 2.9 மைல் இறங்கினால் கார்.

நேரத்துக்கு இந்தப் பக்கத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. மைலுக்கு அரை மணி நேரம், 1,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு அரை மணி நேரம். அப்படிப் பார்த்தால் சுற்றுக்கு ஆறரை மணி நேரம் வருகிறது. இது நடக்கிற நேரம் மட்டும்தான். பத்துப் பேர் போகும்போது உட்காருவது, சாப்பிடுவது, படம் எடுப்பது, ஷூ லேஸ் கட்டுவது, பின்னால் வருபவருக்காக நிற்பது எல்லாம் சேர்ந்து ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது. அக்டோபர் பத்தாம் தேதி வாக்கில் சூரியன் மாலை ஆறேகாலுக்குள் இறங்கிவிடும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

அருவி வழி ஏறி, குதிரை வழி இறங்குவது

பெரும்பாலானவர்கள் போவது இப்படித்தான். அதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. முதல் ஒன்றரை மைலுக்குள் மூன்று அருவிகள் வந்துவிடும். மூன்றாவதான கிளவுட்லேண்ட் அருவி 80 அடி உயரம். காலை வெயில் அந்தப் பள்ளத்துக்குள் வர நேரமாகும். குளிர்ச்சியிலேயே பாதி ஏற்றம் ஏறிவிடலாம். ஈரப் பாறையில் ஏறுவது சிரமம்தான் என்றாலும் ஏறும்போது கால் வைக்கும் இடம் கண்ணுக்கு நேரே தெரியும், தேவைப்பட்டால் கையும் ஊன்றலாம். இறங்கும்போது அந்த வசதி இல்லை. இந்த வழியில் ஓடையைச் சில இடங்களில் கல் மேல் கல்லாகத் தாண்ட வேண்டும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் அந்தக் கற்களே தண்ணீருக்கு அடியில் போயிருக்கும். அதைக் காலையில், உடம்பில் தெம்பு இருக்கும்போது தாண்டிவிடுவது நல்லது.

மேல் பகுதி செங்குத்து. அருவிகள் முடிந்தபிறகு திருப்பம் திருப்பமாக ஏறி, கடைசி அரை மைலுக்குக் கல் படிகள்போல நேராக மேலே போகும். வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு அந்த உணர்வு தெரியும், அடுத்த திருப்பத்தில் முடிந்துவிடும் என்று நினைக்க நினைக்க நீண்டுகொண்டே போவது. மரங்கள் குட்டையாகி, இடுப்பளவாகி, முழங்கால் அளவாகி, சட்டென்று இல்லாமல் போய்விடும். லிட்டில் ஹேஸ்டாக் வந்தாயிற்று. அந்த ஒரு நொடிக்காகவே இந்த வழியாகப் போகலாம். அதுவரை மரமும் பாறையும் முன்னால் போகிறவரின் குதிகாலும் தவிர வேறு எதையும் பார்த்திருக்கமாட்டோம். திடீரென்று இடது கை பக்கம், வடக்கே, முகடு மொத்தமும் லஃபாயெட் வரை வளைந்து கிடக்கும். கிழக்கே பெமிஜிவாசெட் காடு, ஒரு கட்டடம் கண்ணில் படாமல். தெளிவான நாளில் வாஷிங்டன் சிகரம்வரை தெரியும்.

குறை என்ன? ஒதுங்க இடமும் தண்ணீரும் கிடைக்கும் ஒரே இடம் அந்தக் குடில்தான், இந்த வழியில் அது ஆறு மைல் நடந்த பிறகே வருகிறது. லிட்டில் ஹேஸ்டாக்குக்கும் லஃபாயெட்டுக்கும் நடுவில் கீழே இறங்க வேறு பாதை கிடையாது. முகட்டில் கால் வைத்தால் ஒன்று முன்னே போக வேண்டும், இல்லை வந்த வழியே திரும்ப வேண்டும். அப்புறம் காற்று. இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும்தான் வீசும். வடக்கு நோக்கி நடப்பதால் காற்று முகத்தில் அடிக்கும்.

குதிரை வழி ஏறி, அருவி வழி இறங்குவது

இதை எடுத்ததும் ஒதுக்கிவிடக் கூடாது. குழுவுக்கு இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. குடில் முன்னாலேயே வந்துவிடும். 2.9 மைல், 2,450 அடி ஏறினால் கூரையும் தண்ணீரும் சூடான சூப்பும் இருக்கும் இடம். அங்கே உட்கார்ந்து, ஈரச் சட்டையை மாற்றி, எதிரே நிற்கும் லஃபாயெட்டை நிதானமாகப் பார்க்கலாம். உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கிறதா, யாருக்கு முட்டி வலி, யார் முகம் வாடியிருக்கிறது என்று பார்த்து, மேலே போவதா வேண்டாமா என்று சூடான இடத்தில் வைத்தே முடிவெடுக்கலாம். "நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று சொல்ல ஒருவருக்குக் கூச்சமே இருக்காது. வெட்டவெளி முகட்டில் அதைச் சொல்லவும் முடியாது, சொன்னாலும் அவரை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. தெற்கு நோக்கி நடப்பதால் காற்றும் கொஞ்சம் முதுகுப் பக்கம் வரும்.

ஆனால் சாயங்காலம் என்று ஒன்று இருக்கிறதே. நாலு, நாலரை மணிக்கு, தொடை நடுங்கும் நேரத்தில், லிட்டில் ஹேஸ்டாக்கிலிருந்து அந்தக் கல் படிகளில் 3,000 அடி இறங்க வேண்டும். இறங்கி முடிக்கும் இடத்தில் ஈரப் பாறை, ஓடை தாண்டல், இருட்டு மூன்றும் சேர்ந்து காத்திருக்கும். முட்டிக்கு இதைவிடக் கெடுதல் வேண்டாம். பனிமூட்டம் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. லிட்டில் ஹேஸ்டாக்கில் வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டால், முகட்டுப் பாதை அப்படியே தெற்கே லிபர்ட்டி சிகரம் நோக்கி இழுத்துக்கொண்டு போய்விடும். நன்றாக இறங்கத் தெரிந்த நாலு பேர், நீண்ட கோடைப் பகல், காய்ந்த பாறை. இந்த மூன்றும் இருந்தால் இந்த வழி அருமை. பத்துப் பேர் அக்டோபரில் போவதற்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

ஒரு அக்டோபரில் நடந்தது

ஆறு வருஷத்துக்கு முன்னால் பதினாலு பேர் போனோம். ஏழு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. வழியில் இரண்டு கார்கள் பிரிந்துபோய், ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து, மலையில் கால் வைத்தபோது பத்தே கால். அருவி வழியாக ஏறினோம். கிளவுட்லேண்ட் அருவி வருவதற்குள்ளேயே வரிசை நீண்டுவிட்டது. முதல் ஆள் வந்த பிறகு நாற்பது நிமிஷம் கழித்துக் கடைசி ஆள் வந்தார். அவர் வயதானவர் இல்லை, எங்களில் இளையவர்களில் ஒருவர். ஜீன்ஸும் ஓடுவதற்கான ஷூவும் போட்டு வந்தவர். ஓடையில் கால் வழுக்கி முழங்கால்வரை நனைந்திருந்தார்.

எங்களோடு நண்பரின் அப்பாவும் வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், அப்போது அறுபத்திரண்டு வயது, விசிட்டர் விசாவில் வந்தவர். வருஷா வருஷம் எருமேலியிலிருந்து பெரிய பாதையில் சபரிமலைக்கு நடந்தவர். அவரைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. ஆனால் அவர் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கையில் ஒரு கம்போடு, ஒரே சீராக, நடுவரிசையில் வந்துகொண்டே இருந்தார்.

லிட்டில் ஹேஸ்டாக்கில் முதலில் ஏறிய நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் சேர்ந்துதான் முகட்டில் போவது என்று பாறை மறைவில் உட்கார்ந்தோம். கீழே ஏறும்போது வியர்த்து நனைந்த சட்டை. மேலே காற்று. பத்து நிமிஷத்தில் பல் கிட்டியது. சாப்பாடு எடுக்கலாம் என்று எலுமிச்சைச் சாத டப்பாவை வெளியே எடுத்தேன். எவர்சில்வர் டப்பா, இறுக்கமான மூடி. விரல் மடங்குகிறது, பிடி மட்டும் இல்லை. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் டப்பாவை வைத்து அழுத்தி, மணிக்கட்டால் தள்ளித்தான் திறக்க முடிந்தது. சாதம் கல்லாக உறைந்திருந்தது. நடுவில் வந்து சேர்ந்த மாமா எங்களைப் பார்த்தார். "தம்பி, நிக்காதீங்க. நின்னாத்தான் குளிரும். அந்த மரத்துக்குக் கீழ எறங்கி நில்லுங்க, இல்லைனா நடங்க" என்றார்.

அவர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. கூட்டமாகப் போகும் நடையில் மேலே குளிரெடுப்பது பெரும்பாலும் நடப்பதால் அல்ல, காத்திருப்பதால். 1,000 அடிக்கு மூன்றிலிருந்து ஐந்து டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கும். கார் நிறுத்தின இடத்தில் 50 டிகிரி என்றால் உச்சியில் 35, 40. அதோடு காற்றும் சேர்ந்தால் உறைநிலைக்குக் கீழே இருப்பது போலத்தான் உடம்புக்குத் தெரியும். காத்திருப்பது மரங்களுக்குள் நடக்க வேண்டும். மரம் முடிந்த பிறகு நிற்கவே கூடாது.

கடைசி இரண்டு மைல் ஃபோன் வெளிச்சத்தில் இறங்கினோம். பதினாலு பேரில் இரண்டு பேரிடம்தான் ஹெட்லேம்ப் இருந்தது. முதலில் கீழே வந்தவர்கள் குளிரில் காருக்கு வெளியே நின்றார்கள், மூன்று கார்களின் சாவியும் பின்னால் வந்தவர்களின் பைகளில் இருந்தன. எட்டேகாலுக்குக் கடைசி ஆள் வந்தார். யாருக்கும் அடிபடவில்லை. அன்றைக்கு மழை பெய்யாததால்தான் அப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

லஃபாயெட் மட்டும், போன வழியே திரும்புவது

குதிரை வழியிலேயே ஏறி, லஃபாயெட் உச்சியைத் தொட்டு, அதே வழியில் இறங்குவது. 8 மைல், சுமார் 3,500 அடி. சுற்றைவிட ஒரு மைல்தான் குறைவு. அதனால் இது "சுலபமான வழி" இல்லை. ஆனால் பாதுகாப்பில் வேறு தரம். குடில் இரண்டு முறை வரும். எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம், திரும்பும் வழி ஏற்கெனவே கண்ட வழி. ஓடை தாண்டல் பெரிதாக இல்லை. மரமில்லாத வெட்டவெளியில் இருக்கும் நேரமும் பாதியாகக் குறையும். உச்சியில் ஒரு காலத்தில் இருந்த விடுதியின் கல் அடித்தளம் இன்னும் இருக்கிறது. அந்தச் சுவரை ஒட்டி உட்கார்ந்தால் காற்று தெரியாமல் சாப்பிடலாம்.

குடிலுக்குக் கீழே இருக்கும் செங்குத்தான ஏற்றங்களுக்கு இங்குள்ளவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அகனீஸ்', வேதனைகள் என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான். ஆனால் அந்த இடத்திலேயே இரண்டு மூன்று பாறைத் திட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே உட்கார்ந்தால் வாக்கர் பள்ளத்தாக்கும், அதற்கு மேலே முகடு முழுவதும் ஒரே பார்வையில். முகட்டின் மேலே நடக்கும்போது முகடு தெரியாது, அதன் முழு உருவம் தெரிவது இங்கிருந்துதான்.

இந்த வழியில் போனவர்கள் சுற்றை முடிக்கவில்லையே என்று குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். குழுவில் ஒருவருக்குக்கூட முகட்டு நடை பழக்கம் இல்லை என்றால், அல்லது வானிலை ஐம்பதுக்கு ஐம்பது என்றால், எனக்கு இதுதான் முதல் தேர்வு. குடிலோடு திரும்பினாலும் 5.8 மைல் நடந்த நல்ல நாள்தான். அங்கே ஈகிள் லேக் என்ற குட்டிக் குளம் இருக்கிறது, குழந்தைகள் கிளம்ப மாட்டேன் என்பார்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குடில் வருஷம் முழுக்கத் திறந்திருக்காது, அக்டோபர் நடுவோடு மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு போனால் கூரையையும் சூப்பையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டு அணியாகப் பிரிந்து, குடிலில் சேர்வது

இதுதான் நான் இப்போது எல்லாருக்கும் சொல்வது. முழுச் சுற்றுக்குத் தயாராக இருக்கும் ஐந்தாறு பேர் ஓர் அணி. அவர்கள் அருவி வழி ஏறி முகட்டைக் கடந்து குடிலுக்கு வருவார்கள். மீதிப் பேர், குழந்தைகள், ஊரிலிருந்து வந்த பெற்றோர், முதல் முறை வருபவர்கள், குதிரை வழியில் நேராகக் குடிலுக்கு. பிறகு எல்லாரும் சேர்ந்து இறங்குவது.

கணக்குப் போட்டால் சுற்று அணிக்குக் குடில்வரை நடை மட்டும் ஐந்து மணி நேரம், ஓய்வோடு ஆறரை. குடில் அணிக்கு நடை இரண்டே முக்கால் மணி நேரம், குழந்தைகளோடு நாலு. அப்படியானால் இரண்டாவது அணி இரண்டரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பலாம். ஆனால் பார்க்கிங் அதற்கு இடம் கொடுக்காது. இலை பார்க்க வரும் சனிக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கே இடம் நிரம்பிவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தத் தடை. அதனால் எல்லாரும் ஆறரைக்குள் வந்துவிட வேண்டும். சுற்று அணி ஏழுக்குக் கிளம்பட்டும். மற்றவர்கள் அங்கேயே இட்லி சாப்பிட்டு, பக்கத்தில் ஓடும் பெமிஜிவாசெட் ஆற்றங்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு, ஒன்பது ஒன்பதரைக்கு ஏறத் தொடங்கலாம். இரண்டு அணியும் ஒன்றரை மணிவாக்கில் குடிலில் சந்திக்கும். நாலரைக்குள் எல்லாரும் கீழே. வெளிச்சம் இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும்.

இதில் இருக்கும் பலவீனம், இரண்டு அணிக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இல்லாமல் போவது. மலையில் ஃபோன் சிக்னல் ஒரு இடத்தில் வரும், அடுத்த இடத்தில் வராது. அதனால் கிளம்பும் முன்னாலேயே கடிகாரத்தை வைத்து முடிவெடுத்துவிட வேண்டும். பதினொன்றரைக்குள் லிட்டில் ஹேஸ்டாக் வரவில்லை என்றால் சுற்று அணி வந்த வழியே திரும்பிவிடும். குடில் அணி மூன்று மணிவரை பார்த்துவிட்டு இறங்கிவிடும், மேலே தேடிப் போகாது. லஃபாயெட் உச்சியில் பலகையைப் படிக்காமல் இறங்கக் கூடாது என்பதையும் சுற்று அணிக்குச் சொல்லி வைக்க வேண்டும். அங்கிருந்து குடிலுக்கு மேற்கே கிரீன்லீஃப் டிரெயிலில் இறங்க வேண்டும். வெள்ளைக் குறி போட்ட அப்பலாச்சியன் டிரெயில் வடக்கே கார்ஃபீல்டு பக்கம் தொடர்ந்து போகும். முகட்டில் அதே வெள்ளைக் குறியைப் பார்த்துப் பழகிய கண், மூட்டத்தில் அதையே பிடித்துக்கொண்டு போய்விடும். மலையின் மறுபக்கம் இறங்கினால் காருக்கு வர ஒரு நாள் ஆகும்.

பிரிந்து போவதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. இந்த மலையின் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் ஒரு குழுவுக்குப் பத்துப் பேர்தான் உச்ச வரம்பு. முகட்டின் கிழக்குச் சரிவு அப்படிப்பட்ட பகுதி. முகட்டில் பதினாலு பேர் சேர்ந்து நின்றால் பாதையில் இடம் போதாது, யாராவது ஓரத்தில் இருக்கும் பச்சைத் திட்டில் கால் வைப்பார்கள். அந்தப் பச்சை புல் இல்லை. காற்றுக்கும் பனிக்கும் நடுவில் வருஷத்துக்குக் கொஞ்சமே வளரும் உயர்மலைச் செடிகள். உலகத்திலேயே இந்த வெள்ளை மலைகளில் மட்டும் இருக்கும் ராபின்ஸ் சின்க்ஃபாயில் என்ற சின்ன மஞ்சள் பூச்செடிக்கும் இந்த முகடு ஒரு வீடு. ஒரு காலத்தில் அழியும் நிலையில் இருந்து, 2002-இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. பாதையின் இரண்டு பக்கமும் தாழ்வாகக் கல் அடுக்கி வைத்திருப்பது அதுபோன்ற செடிகளுக்காகத்தான்.

வானிலை கைவிட்டால்

அதே பார்க்கிங்கிலிருந்து சுரங்க நடைபாதையில் நெடுஞ்சாலையின் மறுபக்கம் போனால் லோன்சம் லேக் போகும் பாதை. 1.2 மைலில் ஏரி, 1,000 அடிதான் ஏற்றம். ஏரியின் அக்கரையில் ஒரு குடில் உண்டு. மேகம் விலகினால், போக நினைத்த முகடு முழுவதும் தண்ணீரில் நிழலாக விழும். காரை எடுக்கவே வேண்டியதில்லை. அதனாலேயே மாற்றுத் திட்டமாக இதற்கு ஈடு வேறு இல்லை.

முகட்டு நடையின் ருசி வேண்டும், ஆனால் உயரம் வேண்டாம் என்பவர்களுக்கு வெல்ச்-டிக்கி சுற்று. நெடுஞ்சாலையில் தெற்கே வந்து கேம்ப்டன் பக்கம் விலக வேண்டும். 4.4 மைல், 1,800 அடி, பாதி நேரம் வெறும் கருங்கல் சரிவில் நடை. வெல்ச் பக்கம் ஏறி டிக்கி பக்கம் இறங்குங்கள். மழை நாளில் மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தக் கருங்கல் நனைந்தால் சோப்பு. முழுச் சுற்றுக்கு ஆசைப்படும் புதியவர்களை முதலில் இங்கே அழைத்துப் போங்கள். இதை நாலு மணி நேரத்தில் முடித்து, மறுநாள் மாடிப்படி இறங்க முடிகிறவர் அடுத்த மாதம் பெரிய சுற்றுக்கு வரலாம்.

அதே முகட்டின் தெற்கில் ஃப்ளூம் ஸ்லைடு என்று ஒரு வழி இருக்கிறது. வழுக்குப் பாறையில் செங்குத்தாக ஏறுவது. குழுவோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எந்த வழியானாலும்

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் நம் குழுவில் யாரும் இருக்கக் கூடாது. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னவர் நின்று எண்ணிக்கை பார்த்துத்தான் நகர வேண்டும். கார் சாவி ஒவ்வொரு காருக்கும் இரண்டு இருக்கட்டும், ஒன்று முன்னவரிடம், ஒன்று பின்னவரிடம். ஹெட்லேம்ப் ஆளுக்கு ஒன்று, குழந்தைக்கும் சேர்த்து. பருத்தி வேண்டாம், குறிப்பாக ஜீன்ஸ். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பைக்குள் ஒரு காய்ந்த சட்டை, காற்று தடுக்கும் ஜாக்கெட், தொப்பி, கையுறை. சாப்பாட்டில் எலுமிச்சைச் சாதத்துக்குப் பதிலாகச் சப்பாத்தி ரோல், கடலை மிட்டாய், பேரீச்சை. கையுறையோடு தின்ன முடிகிற எதுவானாலும் சரி.

ஹைக் சேஃப் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2015 முதல் இருக்கிறது. தனி ஆளுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35 டாலர். இந்த மாநிலத்தில் அலட்சியமாகப் போய் மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை நம்மிடமே வசூலிக்கச் சட்டம் உண்டு. சாதாரண அலட்சியத்துக்கு அந்தக் கார்டு காப்பாற்றும், பொறுப்பே இல்லாமல் போனால் காப்பாற்றாது. அந்தப் பணம் நமக்காக இரவில் ஸ்ட்ரெச்சர் தூக்கி வருபவர்களுக்குப் போகிறது என்று நினைத்தே நான் வாங்குகிறேன்.

வானிலைக்கு ஃபோனில் வரும் ஊர் நிலவரத்தை நம்பாதீர்கள். வாஷிங்டன் மலை ஆய்வகம் உயரமான சிகரங்களுக்கென்றே தனியாக ஒரு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. 1934-இல் மணிக்கு 231 மைல் காற்றை அளந்தவர்கள் அவர்கள். முதல் நாள் இரவும் கிளம்பும் காலையிலும் அதைப் பாருங்கள். காற்று 40 மைலுக்கு மேல் என்றோ, இடி என்றோ, உச்சிகள் மேகத்துக்குள் என்றோ போட்டிருந்தால் நாங்கள் முகட்டுக்குப் போவதில்லை.

இந்த வருஷம் பன்னிரண்டு பேர். சுற்றுக்கு ஐந்து, குடிலுக்கு ஏழு. மாமா மறுபடியும் வந்திருக்கிறார், இப்போது அறுபத்தெட்டு வயது. லிட்டில் ஹேஸ்டாக்கைத்தான் பார்த்தாயிற்றே, குழந்தைகளோடு குடிலுக்கு வருகிறேன் என்றார். கடைசியில் நடப்பது யார் என்று பேச்சு வந்தபோது, அதையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு கார் சாவி அவரிடம் இருக்கும்.